ஜெயித்த பணம் ஏன் கைக்கு வருவதில்லை?



சேமிப்பு, உள்கடன் பற்றியெல்லாம் முன்னாடி பேசியவங்க நல்லா சொல்லிட்டாங்க. நான் பேச வந்தது செல்போன் சூதாட்டம். "நாங்க எங்க அதெல்லாம் ஆடப்போறோம்?"னு முன்வரிசையில் ஒரு அக்கா சிரிக்கிறாங்க. நீங்க ஆட வேண்டாம் அக்கா. வீட்டில் ஒருத்தர் ஆடினாலே, சங்கத்துத் தவணைக்கு எடுத்து வைத்த பணம்தான் முதலில் போகும்.

அது எப்படி நடக்குதுன்னு கேளுங்க. முதலில் 200 ரூபாய் கட்டச் சொல்வான். 300 ஆச்சுன்னு காட்டி, கேட்டதும் கணக்கில் போட்டும் விடுவான். அது தூண்டில் புழு. அதை நம்பி ஆயிரம், ஐயாயிரம்னு கட்டிய பிறகு திரையில் 80,000 இருப்பதாகக் காட்டும். எடுக்கப் போனால், "வரி கட்டுங்க, பணத்தை விடுறோம்" என்பான். அதைக் கட்டினால் சரிபார்ப்புக் கட்டணம் என்பான். அதுக்கப்புறம் வேறொன்று. திரையில் தெரிகிறது வெறும் எண்தான், பணம் இல்லை.

ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வரி உண்மைதான். ஆனால் 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி, பணம் தருகிறவன்தான் அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரணும். "முதல்ல நீ அனுப்பு" என்று கேட்டாலே மோசடி. பணம் வாங்குவதற்கு பின் நம்பரும் போட வேண்டியதில்லை. பின் நம்பர் போட்டால் பணம் வெளியேதான் போகும்.

சரி, நம்பிக்கையான கம்பெனி பார்த்து ஆடலாமா? 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு அத்தனைக்கும் தடை போட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. அதுக்கு வங்கி பணம் அனுப்புவதற்கும் தடை. டெலிகிராமில் வருகிறவன் எந்த நாட்டில் இருக்கானோ, பணம் தரலைன்னா எந்த ஆபீஸில் போய் கேட்பீங்க?

இதைவிட நம்மைத் தொடுற விஷயம் ஒன்று இருக்கு. இவங்க பணத்தைச் சொந்தப் பேரில் வாங்குவதில்லை. "பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் கொடுங்க, மாசாமாசம் கமிஷன்" என்று கேட்டு, ஊரார் கணக்கில் வாங்குவாங்க. தெரிஞ்ச பையன்தான் வந்து கேட்பான். ஏமாந்தவர் யாராவது புகார் கொடுத்தால் கணக்கு முடங்கும். உரிமைத் தொகையும் ஊரக வேலைத் திட்டக் கூலியும் வருவது அதே கணக்கில்தானே! விசாரணைக்கும் பாஸ்புக்கில் பேர் இருக்கிறவரைத்தான் கூப்பிடுவாங்க. சங்கக் கணக்கு வைத்திருக்கும் ஊக்குநர், பிரதிநிதி இரட்டிப்பு கவனமா இருக்கணும்.

பணம் போயிடுச்சுன்னா வீட்டில் சண்டை போடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்க. திட்டுவதற்கு ஆயுசு பூரா நேரம் இருக்கு. முதலில் 1930-க்கு போன் போடுங்க. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வழி உண்டு. பரிவர்த்தனை எண்ணையும் அவன் அனுப்பிய மெசேஜையும் அழிக்காதீங்க, வங்கிக்கும் சொல்லுங்க. வெளியே தெரிஞ்சா வெட்கம்னு கந்து வட்டிக்கு வாங்கி அடைக்கப் போகாதீங்க. சங்கத்தில் வந்து சொல்லுங்க.

அடுத்த கூட்டத்தில் 1930 என்ற நம்பரைத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எல்லா குழுவும் எழுதி வைக்கணும்னு கேட்டுக்கிறேன்.