தலைப்பு கொடுக்கும் முன்பே



மேட்டூரில் படிக்கும் எட்டாம் வகுப்பு மாணவியிடம் ‘மேட்டூர் அணை’ என்று செயல்திட்டத் தலைப்பு கொடுத்தால் என்ன வந்து சேரும் என்று, கட்டுரை படிக்க வந்திருக்கும் ஆசிரியர்களும் பள்ளி நூலகர்களும் கூடிய இந்த அரங்கில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு சார்ட். நடுவே பதினாறு கண் மதகின் படம். சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவில் எழுத்து: கட்டத் தொடங்கியது 1925, திறந்தது 1934, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., ஸ்டான்லி நீர்த்தேக்கம். பிரௌசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட் அவுட்டைப் பார்த்து எழுதியது. எல்லாம் சரியான தகவல்தான், மதிப்பெண்ணும் விழுந்துவிடும். ஆனால் அந்தப் பெண் எதையும் தேடவில்லை. தேடும்படி யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

இதை ஆசிரியர் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. பாடம் முடிக்க வேண்டும், எமிஸ் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும், நடுவில் நாற்பது பிள்ளைகளுக்கும் தலைப்பு யோசிக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். தலைப்பு கொடுத்த பிறகு புத்தகம் எடுத்துக் கொடுக்க வரும் நூலகர் தாமதமாக வந்தவர் என்பது என் கட்சி.

பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? அணையில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். இந்த ஊர்ப் பிள்ளைகள் பார்த்தே வளர்ந்த காட்சி. ‘தண்ணீர் வருவதற்கு முன் அங்கே எந்தெந்த ஊர்கள் இருந்தன?’ என்று ஆசிரியர் கேள்வியை வைக்கிறார். எங்கே தேடுவது என்பது நூலகரின் வேலை. 1883இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு இருக்கிறது. 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர் இருக்கிறது. இரண்டும் அணைக்கு முந்தியவை. ஆனால் அவற்றில் கிடைப்பது பாதி விடைதான். அன்று காவிரிதான் மாவட்ட எல்லை. மேற்குக் கரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்தக் கரையைப் பற்றி அறிய 1887இல் நிக்கல்சன் எழுதிய கோயம்புத்தூர்க் கையேட்டைத் திறக்க வேண்டும். சேலம் நூலை மட்டும் புரட்டிவிட்டு ‘தகவல் கிடைக்கவில்லை’ என்று எழுதப் போகும் பையனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருப்பிவிடுபவர் நூலகர். பழைய ஆங்கிலம் எட்டாம் வகுப்புக்கு ஆகாது என்பீர்கள். முழு நூலை யார் கொடுக்கச் சொன்னது? தேவையான இரண்டு பக்கத்தைப் பிரித்து எடுத்து, ஆங்கில ஆசிரியரையும் கூட உட்கார வைத்தால் போதும்.

இன்னொரு கேள்விக்குக் கெசட்டியரும் வேண்டாம், பழைய செய்தித்தாள் போதும். அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு, திறப்பு எல்லாம் நாளிதழ்களில் தொடர்ந்து வருகின்றன. குறுவைச் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் தென்மேற்குப் பருவமழை, கர்நாடக அணைகள், டெல்டா விவசாயம் என்று அறிவியலும் புவியியலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். பள்ளியில் பேப்பரை எடைக்குப் போடுவதற்கு முன் அந்தச் சின்னப் பெட்டிச் செய்தியை வெட்டி, தேதி குறித்து, ஒரு நோட்டில் ஒட்டி வைக்கும் நூலகர் பத்து வருடச் செயல்திட்டங்களுக்குச் சரக்கு சேர்த்துவிடுகிறார். அந்த நோட்டு இருப்புப் பதிவேட்டில் ஏறாது. தணிக்கைக்காரர் கேட்கவும் மாட்டார்.

சரக்கு இருக்கிறது என்பதற்காக அதை உடனே நீட்டிவிடலாமா? சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. பொது நூலகத்துக்கு அதை நான் முழுதாக ஏற்கிறேன். பள்ளியில் மட்டும் கொஞ்சம் தயங்குகிறேன். அமெரிக்காவில் பள்ளி நூலகராக இருந்து பேராசிரியரான கேரல் குல்தாவ் 1980களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தேடலைக் கூடவே இருந்து கவனித்தார். தலைப்பு கையில் வந்து, எதைக் கேட்பது என்று இன்னும் தெளியாத கட்டத்தில்தான் அவர்கள் அதிகம் குழம்பிப்போகிறார்கள் என்று கண்டார். நாமோ அந்தக் குழப்பத்தைப் பார்க்கச் சகிக்காமல் விடையை எடுத்து நீட்டிவிடுகிறோம். இரண்டு மூன்று வகுப்புகள் போனாலும் போகட்டும், பிள்ளை தானாக ஒரு கேள்விக்கு வந்து சேரட்டும். அதுவரை ஆசிரியரின் பொறுமையைக் காப்பாற்றும் வேலையும் நூலகருக்கு உண்டு.

1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இப்படித் தானாகக் கேள்வி தேடுவதற்கு நல்ல களம். பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையைத் தாங்களே ஆய்ந்து, தாய்மொழியிலேயே எடுத்துரைக்கலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. குழுவுக்கு வழிகாட்டி ஆசிரியர் உண்டு. அவர் பக்கத்தில் ஒரு நூலகருக்கும் நாற்காலி போடுங்கள் என்கிறேன்.

‘எங்கள் பள்ளியில் நூலகரே இல்லையே, ஐயா’ என்ற குரல் எனக்குக் கேட்கிறது. உண்மைதான். பல அரசுப் பள்ளிகளில் நூலகம் என்பது ஒரு பீரோ. அதன் பொறுப்பு தமிழாசிரியருக்குக் கூடுதல் சுமை. புத்தகம் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் சாவி தலைமையாசிரியர் மேசையில். பணியிடம் கேட்டுத் தீர்மானம் போடுவோம், போட வேண்டும். அது வரும்வரை 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியில் வந்த கிளை நூலகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைகளை அனுப்புவதற்குப் பதினைந்து நாள் முன்பு, ஆசிரியர் தாமே போய்க் கிளை நூலகரிடம் தலைப்புகளைக் கொடுத்துப் பேசட்டும். சனிக்கிழமை காலையில் நாற்பது பேர் ஒரே புத்தகம் கேட்டு வரிசையில் நிற்கும் கூத்தாவது குறையும்.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூலகத்தின் இன்றியமையாமை பற்றிய முன்னுரைப் பக்கங்களைத் தாண்டிவிடுங்கள். உங்கள் மாணவர் கேட்ட கேள்வி எது, அது எந்த நூலில் முட்டி எப்படி மாறியது என்பதிலிருந்து தொடங்குங்கள். பிற்பகலில் ஓர் ஆசிரியர், ஒரு நூலகர் என்று இணையாக உட்கார்ந்து, போன ஆண்டு கொடுத்த தலைப்பு ஒன்றைக் கேள்வியாக மாற்றி எழுத வேண்டும். தாள்கள் மேசையில் இருக்கின்றன. முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.