ரத்தத்தில் அழற்சி பார்க்கும் பரிசோதனை: பெரியவர்களுக்கான சுகாதார உரை



செம்பனை முள் கையில் ஏறினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கும். உங்களில் பலருக்கு இது நன்றாகவே தெரியும். உடம்பு கிருமியை எதிர்ப்பதால் வரும் இந்த மாற்றத்திற்கு அழற்சி என்று பெயர். நுரையீரலிலோ மூட்டிலோ அழற்சி இருந்தால் வெளியே தெரியாமல் போகலாம். ஆனால் ரத்தத்தில் அதன் அடையாளம் இருக்கலாம். அதைப் பார்க்கத்தான் கிளினிக்கில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற பரிசோதனைகளை எழுதிக் கொடுக்கிறார்கள்.

இ.எஸ்.ஆர். பழைய பரிசோதனை. ரத்தத்தை ஒரு மெல்லிய குழாயில் நிமிர்த்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று அளப்பார்கள். சி.ஆர்.பி. என்பது கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதம். தொற்று வந்த சில மணி நேரத்திலேயே ஏறும். குணமானால் சீக்கிரம் இறங்கிவிடும். இ.எஸ்.ஆர். இறங்கப் பல வாரங்கள் ஆகலாம். இரண்டுக்கும் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

எண் கூடியிருக்கிறது என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள். வயது ஏற ஏற இ.எஸ்.ஆர். தானாகவே ஏறும். ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி என்று ஓர் எளிய கணக்கு உண்டு. அதன்படி 70 வயது அம்மாவுக்கு 40 வரை போகலாம். ரத்தச்சோகை இருந்தாலும் ஏறும். பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களிடம் வந்தவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. எண் கூடியிருந்த 100 பேரில் ஏறக்குறைய 15 பேருக்குத்தான் அதற்குக் காரணமான நோய் இருந்தது. மற்றவர்கள் திரும்பத் திரும்ப ரத்தம் கொடுத்து, கவலைப்பட்டதுதான் மிச்சம். எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் பணம் கட்டி, ‘முழு உடல் பரிசோதனை’ என்று இதையும் சேர்த்து எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதுதான் நம் கெடாவில் அதிகம் கவனிக்க வேண்டியது. எண் சரியாக இருந்தால் நோய் இல்லை என்று அர்த்தம் ஆகாது. அதே ஆய்வில், நோய் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தப் பரிசோதனையில் தெரியவில்லை.

மெலியோய்டோசிஸ் என்ற நோயைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி, காலில் உள்ள புண் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகிறது. 2005 முதல் 2008 வரை அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 145 பேருக்கு இந்த நோய் உறுதியானது. பாதிக்கு மேற்பட்டவர்கள் இனிப்பு நீர் உள்ளவர்கள். மூன்றில் ஒருவர் இறந்துபோனார். நீண்ட காய்ச்சல், காசநோய் போன்ற இருமல், உடம்பு இளைத்தல், ஆறாத கட்டி என்று பல வேடத்தில் இது வரும். இந்த நோய் உள்ள சிலருக்கு முதலில் சி.ஆர்.பி. சாதாரணமாகவே இருந்ததை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை வேறு. அதைச் சொல்லும்படி மருத்துவரைத் தூண்டுவது பெரும்பாலும் நீங்கள் சொல்லும் விவரம்தான்.

ஆகவே காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், இனிப்பு நீர் உள்ளவர்கள் “போன வாரம் ரத்தம் நல்லா இருந்துச்சே” என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். திரும்ப வாருங்கள். வெறுங்காலோடு தோட்டத்தில் வேலை செய்தீர்களா, பெண்டாங்கில் இறங்கினீர்களா, வெள்ளத்தில் நடந்தீர்களா, காலில் புண் இருந்ததா என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் பார்த்த காலத்தில் உங்கள் வேலை என்ன என்று அவருக்கே தெரிந்திருக்கும். இப்போது சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ அடுக்குமாடி வீட்டிலிருந்து வருகிறீர்கள். இளம் மருத்துவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

மூட்டு வலிக்காக இரவுச் சந்தையில் வாங்கும் மாத்திரை, பொடி, ஜாமு பற்றியும் சொல்ல வேண்டும். இப்படி விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு வலியையும் வீக்கத்தையும் அமுக்கும், சி.ஆர்.பி. எண்ணையும் இறக்கிக் காட்டும். ஆனால் சர்க்கரையை ஏற்றி, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். காகிதத்தில் எல்லாம் சரியாகத் தெரியும், உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். அதைச் சாப்பிட்டு வந்தவர்கள் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் காட்டிய பிறகே நிறுத்துங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம்.

ரத்தம் எடுக்கச் சொன்னால், “டாக்டர், எதற்காகப் பார்க்கிறீங்க? கூடினால் என்ன செய்வீங்க, கூடாவிட்டால் என்ன செய்வீங்க?” என்று தாராளமாகக் கேளுங்கள். மலாய் சரியாக வராவிட்டால் மகனையோ பேத்தியையோ அழைத்து வாருங்கள். வரும்போது நீங்கள் சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும், சந்தையில் வாங்கியது உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள்.