சிறுநீரில் காணும் இரத்தம்



சிறுநீரில் இரத்தம் கண்டால் 'உடற்சூடு' என்று இளநீர் பருகிவிட்டுத் தோட்டத்துக்கோ பனியன் கம்பெனிக்கோ சென்றுவிடுவோர் நம்மிடையே உண்டு. இரண்டு நாளில் இரத்தம் நின்றால் நோயும் நின்றதாக எண்ணிவிடுகிறோம். வலியின்றி வரும் இவ்விரத்தம் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அது நின்ற பின்னும் கட்டி உள்ளே வளரக்கூடும்.

சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் சதைப் பகுதி ஒன்று. வடிந்த சிறுநீரை ஏந்திக் குழாய்க்கு அனுப்பும் உட்குழிவு மற்றொன்று. சதையில் தோன்றும் புற்று ஒரு வகை. உட்குழிவின் உட்சவ்வில் தோன்றுவது வேறு வகை. அரிதாக இரண்டும் ஒரே சிறுநீரகத்தில் சேர்ந்து காணப்படுவதும் உண்டு.

ஒரே தோட்டத்தில் பார்த்தீனியமும் கோரையும் முளைத்தால் இரண்டையும் ஒரே விதமாகக் களைய முடியுமா? முன்னதைக் கையால் பிடுங்கலாம். பின்னதன் கிழங்கை மண்ணுக்குள் தேடியாக வேண்டும். அதுபோலவே, முதல் வகைக்குச் சிறுநீரகத்தையோ, கட்டி சிறிதாயின் அப்பகுதியை மட்டுமோ அகற்றுவர். இரண்டாம் வகை சிறுநீர்ப் பாதை நெடுகிலும் தோன்றக்கூடியது. ஆதலின் பெரும்பாலும் சிறுநீரகத்துடன் குழாயையும் அகற்றி, சிறுநீர்ப் பையையும் பல ஆண்டுகள் கண்காணிப்பர். எனவே ஒரு கட்டியைக் கண்டதோடு தேடுதல் முடிந்துவிடுவதில்லை. மற்றொரு சிறுநீரகம் நன்றாக இருப்பின், அதனைக் கொண்டே வாழலாம்.

புகைப் பழக்கம் இருவகைக்கும் இடம் கொடுக்கிறது. சாயத் தொழிலாளரிடம் சிறுநீர்ப் பைக் கட்டிகள் தோன்றுவதை ஜெர்மன் டாக்டர் லுட்விக் ரேன் 1895-இல் எடுத்துரைத்தார். பென்சிடின் போன்ற பொருள்கள் அவ்வுட்சவ்வைத் தாக்குவது பின்னர்த் தெளிவாயிற்று. 1990-களில் இந்திய அரசு அத்தகைய சாயங்கள் பலவற்றைத் தடை செய்தது. ஆயினும், அவற்றை முன்பு கையாண்டவருக்குப் பல்லாண்டுகள் கழித்தும் நோய் தோன்றலாம். ஆகவே சாயப்பட்டறையில் பணிபுரிந்தவர் அதனை டாக்டரிடம் மறவாமல் கூற வேண்டும்.

ஒருமுறை இரத்தம் கண்டாலும் அரசு மருத்துவமனையில் சிறுநீரைப் பரிசோதித்து, டாக்டர் கூறும் ஸ்கேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பெறத் தகுதியுள்ள குடும்பங்கள் அதனைப் பெற ஊராட்சி உறுப்பினர்கள் துணைநிற்க வேண்டும். கிராம சபையில் இதனைச் சொல்லவும் தயங்க வேண்டாம். நோயைக் கண்டறிவது டாக்டரின் வேலை. நோயாளியைக் காலந்தாழ்த்தாது அவரிடம் அனுப்புவது நம் ஊரின் வேலை.