டிஜிலாக்கரில் எது, பீரோவில் எது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத குடியிருப்போருக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



லிஃப்ட், தண்ணீர் லாரி, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். முதலில் உங்களிடம் இரண்டு கேள்வி. உங்கள் ஃபிளாட்டின் அசல் கிரயப் பத்திரம் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது? அந்த இடம் உங்களைத் தவிர வீட்டில் இன்னொருவருக்குத் தெரியுமா?

முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் பதில் சொல்லிவிடுவீர்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பல வீடுகளில் பதில் இருக்காது. வீட்டில் ஒருவர் எல்லா ஆவணங்களையும் பார்த்துக்கொள்வார், மற்றவர்கள் அவரை நம்பி இருப்பார்கள். அவர் திடீரென்று ஐ.சி.யூ.வில் படுத்துவிட்டால், இன்ஷூரன்ஸ் பாலிசி நம்பர்கூடத் தெரியாமல் குடும்பம் தவிக்கும்.

இன்னொரு ஆபத்து தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வேளச்சேரி, கோட்டூர்புரம் பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்கள் கட்டிய துணியோடு மாடிக்கு ஏறினார்கள். பீரோவில் இருந்த பத்திரமும் மார்க் ஷீட்டும் ரேஷன் கார்டும் ஊறிப்போயின. நகல் கொடுப்பதற்கென்றே அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது.

அதே 2015-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதிதான் டிஜிலாக்கர் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் சேவை இது. கட்டணம் கிடையாது. ஆதாரில் பதிவான மொபைல் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்துக் கணக்கு தொடங்கி, ஆறு இலக்க பின் நம்பர் வைத்துக்கொள்ளலாம். நம்மில் பலர் ஏற்கெனவே வைத்திருக்கிறோம். ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு வித்தியாசத்தைப் பலரும் கவனிப்பதில்லை. இன்று நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

டிஜிலாக்கரில் இரண்டு அறைகள் இருக்கின்றன. ஒன்று, 'இஷ்யூட்' என்ற பகுதி. அதாவது வழங்கப்பட்ட ஆவணங்கள். இங்கே நாம் எதையும் ஸ்கேன் செய்து போடுவதில்லை. ஓட்டுநர் உரிம எண்ணைக் கொடுத்தால், போக்குவரத்துத் துறையின் பதிவிலிருந்தே அது நேராக வரும். இன்னொன்று, 'டிரைவ்' என்ற பகுதி. இங்கே நாமே ஸ்கேன் செய்து ஏற்றிக்கொள்ளலாம். 1 ஜிபி இடம் தருகிறார்கள்.

முதல் அறையில் இருப்பது சட்டப்படி அசலுக்குச் சமம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில் 2017 பிப்ரவரியில் செய்த திருத்தம் இதைச் சொல்கிறது. இரண்டாவது அறையில் இருப்பது வெறும் ஸ்கேன் காப்பி. அரசாங்கத்தின் லாக்கரில் வைத்துவிட்டதாலேயே அது அசலாகிவிடாது.

ரயில் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிஜிலாக்கரில் உள்ள ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் அடையாளச் சான்றாக ஏற்கலாம் என்று 2018-ல் ரயில்வே அறிவித்தது. அப்போதே, 'இஷ்யூட்' பகுதியில் இருந்து காட்டினால்தான் செல்லும், நாமே ஏற்றியது செல்லாது என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. டிராஃபிக் போலீஸ் வண்டியை நிறுத்தினாலும் அப்படித்தான். ஓட்டுநர் உரிமத்தையும் ஆர்.சி.யையும் ஆப்பைத் திறந்து காட்டுங்கள். போன் கேலரியில் இருக்கும் போட்டோ அதற்கு ஈடாகாது.

ஆகவே ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., சி.பி.எஸ்.இ. மதிப்பெண் பட்டியல், பல காப்பீட்டு நிறுவனங்களின் பாலிசி ஆகியவற்றை முதல் அறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். போன் தொலைந்தாலும் இவை தொலையாது. வேறு போனில் உள்ளே போனால் அங்கேயே இருக்கும்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல் வரும். அதுதான் இனிஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்று ஆப் மறுத்துவிடும். ஆப் கெட்டுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கு ஆப் சொல்வதை நாளைக்கு வங்கியோ பி.எஃப். அலுவலகமோ சொல்லும். நேரம் இருக்கும்போதே ஏதாவது ஒன்றில் பெயரைத் திருத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது பீரோ. ஃபிளாட் வைத்திருக்கும் நமக்கு மிகப் பெரிய சொத்தே கிரயப் பத்திரம்தான். அதையும், யு.டி.எஸ். எனும் பிரிபடாத நிலப்பங்கைக் காட்டும் ஆவணத்தையும், தாய்ப் பத்திரத்தின் நகலையும் ஸ்கேன் செய்து 'டிரைவ்' பகுதியில் ஏற்றி வையுங்கள். பத்திர எண், ஆண்டு, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்ற மூன்றும் அதில் தெரியும். அசல் நனைந்தாலும் தொலைந்தாலும், சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போட அந்த மூன்றும் உதவும். ஆனால் ஸ்கேன் இருக்கிறதே என்று காகிதத்தை அலட்சியமாக வைக்காதீர்கள். விற்கும்போதும் அடமானம் வைக்கும்போதும் அசலைத்தான் கேட்பார்கள். பாஸ்போர்ட்டும் அப்படித்தான். இமிகிரேஷனில் போனைக் காட்டிவிட்டு வெளிநாடு போக முடியாது. உயில் எழுதியிருந்தால் அதன் அசலும் காகிதமாகவே பத்திரமாக இருக்க வேண்டும். இவற்றை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் இதை மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

வீட்டுக் கடன் முடிந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தவறு வங்கியுடையதாக இருந்தால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கடன் கட்டி முடித்த கையோடு, பத்திரத்தைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகச் சரிபார்த்து, அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

பெரியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் ஆதாரில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பையனின் எண்ணாக இருந்தால், ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் நடு ராத்திரியில் அவரை எழுப்ப வேண்டும். நீங்கள் எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்ணாக இருந்தால் இன்னும் மோசம். அந்த எண் இப்போது முன்பின் தெரியாத ஒருவரிடம் இருக்கலாம். ஆதார் சேவை மையத்துக்குப் போய், உங்கள் கையில் இருக்கும் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்.

ஓ.டி.பி.யையும் பின் நம்பரையும் யாருக்கும் சொல்ல வேண்டாம். டிஜிலாக்கரில் இருந்து பேசுகிறோம் என்று போன் வந்தால் கட் செய்துவிடுங்கள். வீட்டு புரோக்கருக்கும் கூரியர்காரருக்கும் ஆதார் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தையும் விடலாம். முதல் எட்டு எண்களை மறைத்த 'மாஸ்க்டு ஆதார்' கிடைக்கிறது. பல இடங்களில் அதுவே போதும். வாடகைதாரர்களிடம் நம் சங்கம் வாங்கும் நகலும் இனி அதுவாகவே இருக்கட்டும் என்று கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, ஆரம்பத்தில் கேட்ட இரண்டாவது கேள்வி. ஒருவர் காலமானபின் அவர் பெயரில் இருந்த பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டும் குடும்பத்துக்குத் தெரியாமலே கிடந்துவிடுகின்றன. இதைக் குறைக்க, 2025 ஏப்ரல் முதல் டீமேட் மற்றும் மியூச்சுவல் ஃபண்ட் விவரங்களை டிஜிலாக்கரில் பெறவும், அவற்றைப் பார்க்க ஒரு நாமினியை நியமிக்கவும் செபி வழி செய்திருக்கிறது. கணக்குதாரர் காலமான பிறகு நாமினி அந்த விவரங்களைப் படிக்கலாம். படிக்க மட்டும்தான் முடியும். சொத்து யாருக்குச் சேரும் என்பதை இது தீர்மானிக்காது. அதற்கு உயிலும், ஒவ்வொரு முதலீட்டிலும் தனித்தனியாகப் பதியும் நாமினேஷனும், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் வேறு வேறு விஷயங்கள்.

இத்தனையும் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள். ஆவணத்தின் பெயர், அதன் எண், அசல் இருக்கும் இடம், டிஜிலாக்கரில் எந்த அறையில் இருக்கிறது. பின் நம்பர், பாஸ்வேர்டு எதையும் அதில் எழுத வேண்டாம். எழுதி முடித்ததும் மனைவியிடமோ கணவரிடமோ மகளிடமோ உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அவர்கள் ஒருமுறை பீரோவைத் திறந்து, அந்த உறையைத் தாங்களே எடுத்துப் பார்க்கட்டும்.

ஆப்பில் தடுமாறுகிறவர்களுக்கு உதவ, வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நம் பிள்ளைகள் சிலர் சங்க அறையில் இருப்பார்கள். ஆதாரோடு இணைந்த போனை எடுத்து வாருங்கள். மூக்குக் கண்ணாடியையும் மறக்காதீர்கள், ஓ.டி.பி.யை நீங்களேதான் படித்து நீங்களேதான் அடிக்க வேண்டும்.