இரண்டு சுற்று ஓட்டம்

(பரிசளிப்பு விழாவில் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பிள்ளைகளின் கண்ணெல்லாம் மேசைமேல் உள்ள கிண்ணங்களின் மேல்தான் இருக்கிறது. ஆகவே நான் நீட்டி முழக்கப் போவதில்லை. 800 மீட்டர், 1,500 மீட்டர் ஓடுகிறார்களே, அந்த நடுத்தூர ஓட்டக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

1985-ஆம் ஆண்டு ஜக்கார்த்தாவில் ஆசியத் திடல்தடப் போட்டி நடந்தது. இந்தியாவின் பி.டி. உஷா ஐந்து தங்கம் வாங்கினாரே, அதே போட்டிதான். அங்கே ஆண்கள் 800 மீட்டரில் தங்கம் வென்றவர் நம் மலேசிய நாட்டுப் பத்துமலை ராஜ்குமார். நேரம் 1 நிமிடம் 47.37 வினாடி. அது தேசியச் சாதனையாகி 35 ஆண்டுகளுக்கும் மேல் நிலைத்து நின்றது. அன்று கைதட்டியவர்கள் தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள்!

அந்த நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் பதின்மூன்றரை வினாடிக்குள். நம் பள்ளியில் வேகமான பையன் ஒரு நூறு மீட்டரை அப்படி ஓடிவிட்டாலே தோளில் தூக்குவோம். ராஜ்குமார் அதை நிற்காமல் எட்டு முறை செய்தார். அதே சமயம், அப்போதைய உலகச் சாதனை இங்கிலாந்தின் செபாஸ்டியன் கோ 1981-இல் ஓடிய 1:41.73. இப்போது கென்யாவின் டேவிட் ருடிஷா 2012-இல் லண்டனில் ஓடிய 1:40.91. ஆசியாவில் முதல்வனாக வந்தவனுக்கும் உலகத்தில் முதல்வனுக்கும் நடுவே ஐந்தாறு வினாடி. கேட்க அற்பமாக இருக்கும். திடலில் அது நாற்பது மீட்டருக்கு மேல்.

நம் பிள்ளைகள் இந்த ஓட்டத்தை எப்படி ஓடுகிறார்கள்? விசில் ஊதியதும் நாய் துரத்தினாற்போலப் பாய்வார்கள். முதல் சுற்று முடியுமுன் வாய் திறந்துவிடும், விலாவைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். முதல் வளைவு வரை அவரவர் தடத்தில் ஓடி, பிறகு உள்தடத்துக்கு வந்து, யார் பின்னால் ஒட்டிக்கொள்வது, எங்கே மூச்சைச் சேமிப்பது என்று கணக்குப் போட வேண்டும். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது கால் கல்லாகக் கனக்கும். பந்தயம் அங்கேதான் தொடங்குகிறது. அதற்காகத்தான் 300 மீட்டர் ஓடு, சற்று ஓய்வு, மறுபடியும் 300 ஓடு என்று மாதக்கணக்கில் பழக்குகிறார்கள்.

மலையில் பிறந்தோம், மேடு ஏறிப் பழகினோம், நமக்கு இது தானாக வரும் என்று சிலர் சொல்கிறார்கள். கென்யாவின் இட்டேன் ஊர் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கேமரன் மலைத் தோட்டங்களோ 1,500 மீட்டர் சுமார்தான். மேடு காலுக்கு உரம் தரும், உண்மை. காற்று மட்டும் பதக்கம் தராது.

இனிப் பெற்றோர்களுக்கு. மாவட்டப் போட்டிக்குப் பிள்ளையைக் கேட்டு லயத்துக்குப் போனால், "ஓடினா சோறு போடுமா வாத்தியாரே?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒளிக்காமல் சொல்கிறேன்: பெரும்பாலோருக்குப் போடாது. காசுக்கு ஓடினவன் ஒலிம்பிக்கில் ஓட முடியாது என்பது நெடுங்காலச் சட்டம். 1980-களில்தான் அது தளர்ந்தது. உலகத் திடல்தடப் போட்டியில் பரிசுப் பணம் வந்ததே 1997-இல். ஓட்டத்தையே தொழிலாக வைத்துப் பிழைப்பவர்கள் இன்று உண்டு. ஆனால் அவர்கள் உலகத்தின் முன்வரிசை. அதுவும் முப்பது வயதைத் தாண்டினால் கால் தளரத் தொடங்கும். எனவே ஓடுகிற பிள்ளை படிக்கவும் வேண்டும். ஆனால் 1996 முதல் புக்கிட் ஜாலிலில் அரசாங்கத்தின் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. மாவட்டம், மாநிலம் என்று போய்த் தேறும் பிள்ளைக்கு அங்கே படிப்பும் பயிற்சியும் சேர்ந்தே கிடைக்கும். (அந்தப் புக்கிட் ஜாலிலும் ஒரு காலத்தில் தோட்டந்தான். நம் ஆட்கள் பால் வெட்டின மண்.)

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஓட்டம்?" என்பது அடுத்த கேள்வி. இந்தக் கேள்வியை வெள்ளைக்காரனும் கேட்டான். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். களைத்துப்போனார்களாம், பெண்ணுடம்பு தாங்காதாம் என்று அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடியும் வைத்தது 1960-இல். முப்பத்திரண்டு வருடம்! காலை முதல் மாலை வரை கொழுந்துக் கூடையோடு மேடு ஏறி இறங்கும் நம் தாய்மார்களை அவர்கள் பார்த்ததில்லை போலும். 1964-இல் நம் எம். ராஜாமணி தோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடினார். 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அதே ஓட்டத்தில் தங்கம். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது முதன்முதலில் அவருக்குத்தான் கிடைத்தது. நம் பள்ளியிலோ நன்றாக ஓடுகிற பெண்கள் ஆறாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். பையன்களைவிடப் பொறுமையாக ஓடுகிறவர்கள் அவர்கள். எனக்கு அதுதான் மனத்தாங்கல்.

வரும் மாதம் முதல் செவ்வாய், வியாழன் மாலை மூன்று மணிக்கு நம் திடலில் பயிற்சி. சுற்றி வந்தால் 200 மீட்டர்கூடத் தேறாத திடல். நாலைந்து சுற்று ஓடிக் கணக்கைச் சரிக்கட்டிக் கொள்ளலாம். காலணி இல்லையென்று யாரும் வீட்டில் தங்க வேண்டாம். வெறுங்காலோடு வரட்டும். மழையென்றால் பெரட்டுக் களத்துக் கொட்டகையில் உடற்பயிற்சி. ஐந்து மணிக்குள் பிள்ளைகளை லயம்வரை நானே கொண்டுவந்து விடுகிறேன். பெண் பிள்ளைகளின் பெயரை இன்றே, விழா முடிந்ததும், என்னிடம் கொடுத்துவிட்டுப் போகும்படி தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.