"விசேஷம் உண்டா?" என்று கேட்கும் முன்

(சத்தியவேட்டில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு சர்க்கார் கோப்புகளோடு காலம் தள்ளியவன். இருந்தும் இதைப் பேசக் காரணம் உண்டு. என் பிள்ளைக்கு விவாகமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லை. ஞாயிறுதோறும் ஃபோனில் "விசேஷம் உண்டா?" என்று மாட்டுப்பெண்ணைக் கேட்டவன் நான்தான். அவளுக்கு ஸ்கேன், ஊசி, நாகப் பிரதிஷ்டை எல்லாம் ஆயிற்று. ஒரு சீமந்தத்தில் யாரோ அவளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார்களாம். பிள்ளையை மட்டும் ஒரு பரிசோதனைக்கும் நாங்கள் அனுப்பவில்லை. கடைசியில் அனுப்பினால், குறை அவனிடமும் இருந்தது. எடை 94 கிலோ. ராத்திரி இரண்டு மணிவரை கம்ப்யூட்டர்.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் விஷயத்தில் ஆணின் பங்கும் உண்டு. விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் பிடிக்கும். ஆகவே இன்று சிகரெட்டை விட்டாலும், நடக்க ஆரம்பித்தாலும், பலன் தெரிய மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும்.

பெண்களிடம் கொழுப்பு கூடினால் உடம்பில் இன்சுலின் அதிகமாகிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. கருமுட்டை முதிர்வது தடைப்படுகிறது. சினைப்பை நீர்க்கட்டி என்கிறோமே, 1935-ல் சிகாகோவில் ஸ்டெயின், லெவன்தால் என்ற இரு டாக்டர்கள் விவரித்த அந்தக் கோளாறில் நடப்பது பெரும்பாலும் இதுதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் ஆந்திராவில் 36 சதவீதம், தமிழ்நாட்டில் 40. நம் பாட்டிமார் கிணற்றில் இறைத்தார்கள், ஆட்டுக்கல்லில் அரைத்தார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் ஸ்விட்ச். ஆனால் நெய் ஊற்றுகிற கை மட்டும் மாறவில்லை!

பயப்பட வேண்டாம். 70 கிலோ உள்ளவர் மூன்றரை கிலோ குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. வாரம் ஐந்து நாள் அரைமணி வேகநடை போதும். பட்டினி கிடந்து, இரண்டு மணிநேரம் ஜிம்மில் வாட்டிக்கொள்வதும் ஆபத்து. சாப்பாடு போதாவிட்டால் மூளை கருமுட்டைக்கான சமிக்ஞையையே குறைத்துவிடும், விலக்கு நின்றுபோகும்.

மனக்கவலை? அதுவே குழந்தையைத் தடுக்கிறது என்று அடித்துச் சொல்ல விஞ்ஞானத்தில் போதிய ஆதாரம் இல்லை. குழந்தை இல்லாதது கவலையைத் தருகிறது என்பது நிச்சயம். "டென்ஷன் ஆகாதே, தானாக உண்டாகும்" என்பதும் அவள் தலையில் இன்னொரு பழிதான்.

இப்போதெல்லாம் நம் பெண்களுக்கு விவாகமே முப்பதைத் தாண்டுகிறது. 35 வயதுக்குள் என்றால் ஒரு வருஷம் பார்க்கலாம், தாண்டினால் ஆறு மாதம். பிறகு இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் போக வேண்டும். ஜாதகம் பார்ப்பதை நான் தடுக்கவில்லை, அதற்காக நாளைக் கடத்த வேண்டாம்.

எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். நடையால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், மருந்தும் இருந்தது. அந்த ஐந்து வருஷத்துக்காக மாட்டுப்பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.