தபால்காரர் பேட்டின் ஊரில் எல்லோருக்கும் பெயர் உண்டு

(பணியிடைப் பயிற்சி வகுப்பு ஒன்றில் தொடக்க, உயர்நிலை ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கதைமாந்தர்கள் வழியாகக் கற்பித்தல் என்ற தலைப்பில் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கதைமாந்தர் என்றவுடன் நமக்கு வீரர்களும் அரசர்களும் நினைவுக்கு வருவார்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு தபால்காரரை. 'போஸ்ட்மேன் பேட்' என்ற ஆங்கிலத் தொடரை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். சிவப்பு வண்டி, கருப்பு வெள்ளைப் பூனை, மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். அவ்வளவுதான். அதில் சண்டை இல்லை, வில்லன் இல்லை, மாயமந்திரம் இல்லை. இருந்தும் 1981 செப்டம்பரில் பி.பி.சி.யில் தொடங்கிய அந்தத் தொடர், தலைமுறைகளைத் தாண்டிக் குழந்தைகளிடம் நின்றிருக்கிறது. ஏன் என்பதுதான் நம் கேள்வி.

இத்தொடரை எழுதிய ஜான் கன்லிஃப் நம்மைப் போல ஓர் ஆசிரியர். நூலகராகவும் பணியாற்றியவர். வடமேற்கு இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் வாழ்ந்தார். அவர் வீட்டுப் பக்கத்தில் இருந்த சிறிய அஞ்சலகமும், அருகிலுள்ள லாங்ஸ்லெடேல் என்ற பள்ளத்தாக்கும் சேர்ந்துதான் கதையில் 'கிரீன்டேல்' என்ற கற்பனை ஊராயின. அவர் எழுதியதற்குப் பொம்மைகளால் உயிர் கொடுத்தவர் ஐவர் வுட். பொம்மையைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மீண்டும் சிறிது நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்துச் சேர்க்கும் முறை அது. முதல் தொடரில் மொத்தம் 13 கதைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 நிமிடம்.

ஒரு செய்தியை இங்கே கவனியுங்கள். முதல் தொடரில் எந்தப் பொம்மைக்கும் வாய் அசையாது. தலையாட்டல், கையசைவு, அவ்வளவுதான். ஊர் முழுவதற்கும் குரல் கொடுத்தவர் கென் பாரி என்ற ஒரே ஒருவர். கதை சொல்லியும் அவரே. ஒருவர் குரலில் ஓர் ஊரே பேச முடியும் என்றால், வகுப்பில் கதை சொல்லப் பெரிய கருவிகள் வேண்டும் என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை.

இனி கதைமாந்தர்களுக்கு வருவோம்.

காலையில் அஞ்சலகத்தில் கடிதங்களைப் பேட்டிடம் எடுத்துக் கொடுப்பவர் திருமதி காகின்ஸ். ஆல்ஃப், டோரதி தாம்சன் இருவரும் ஆடு வளர்க்கும் பண்ணைக் குடும்பத்தார். எதையும் பழுது பார்ப்பவர் டெட் கிளென்; அவருடைய பட்டறையில் எது எங்கே இருக்கிறது என்று தேடித்தான் எடுக்க வேண்டும். மிதிவண்டியில் சுற்றும் மிஸ் ஹப்பர்ட், வேனிலேயே மளிகைக் கடையை ஓட்டிவரும் சாம் வால்ட்ரன், தனியாக வாழும் முதியவரான டிரைடன் பாட்டி, தேவாலயப் போதகர் டிம்ஸ், பாட்டேஜ் வீட்டு இரட்டைக் குழந்தைகளான கேட்டி, டாம். ஒரு கை விரலுக்கு அடங்காத ஆட்கள். ஆனாலும் நான்கு வயதுக் குழந்தை இவர்களைக் குழப்பிக்கொள்வதில்லை.

காரணம் இதுதான். ஒவ்வொருவரும் முதலில் ஒரு வேலையோடு அல்லது ஒரு பொருளோடு அறிமுகமாகிறார்கள். மிதிவண்டி என்றால் மிஸ் ஹப்பர்ட். வேன் நிறைய சாமான் என்றால் சாம். இது முதல் படி. நாமும் 'நமக்கு உதவுவோர்' என்று பாடம் நடத்தும்போது இந்தப் படியைத்தான் செய்கிறோம். தபால்காரர் படம், தையற்காரர் படம், மருத்துவர் படம்; கீழே பெயர். குழந்தைகள் பொருத்திவிடுவார்கள். பாடம் முடிந்தது.

கன்லிஃப் அந்தப் படியோடு நிற்கவில்லை. இரண்டாவது படியில், வேலைக்குள் இருக்கும் ஆளைக் காட்டுகிறார். டெட் திறமைசாலி, பட்டறையில் மட்டும் ஒழுங்கு கிடையாது. ஹப்பர்ட் அம்மையார் கறாரானவர்; ஊருக்கு ஒன்று என்றால் முதலில் வந்து நிற்பார்.

மூன்றாவது படி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இந்த ஊரில் உதவுகிறவர் ஒரு பக்கம், உதவி பெறுகிறவர் மறு பக்கம் என்ற கோடே கிடையாது. ஊருக்கெல்லாம் உதவுகிற பேட், ஒரு கதையில் தன் சாவிக்கொத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிறார். கடைசியில் பார்த்தால் அது தாம்சன் பண்ணையில் பொருள்களைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு கோழியின் வேலை! உதவ வந்தவருக்கே உதவி தேவைப்படுகிறது. குழந்தைக்கு அங்கே ஒரு நிம்மதி கிடைக்கிறது. பெரியவர்களும் தொலைப்பார்கள், பெரியவர்களும் கேட்பார்கள், கேட்டால் கிடைக்கும்.

வில்லன் இல்லாமல் கதை எப்படி நகர்கிறது என்று கேட்பீர்கள். முதல் தொடரின் தலைப்புகளையே பாருங்கள். மழை நாள், காற்று நாள், மூடுபனி நாள், தண்ணீருக்குத் தவித்த நாள். வானிலைதான் அங்கே சிக்கலை உண்டாக்குகிறது. யாரையும் கெட்டவராக்காமல் கதையில் சிக்கலை வைக்கலாம் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம். நம் பிள்ளைகளிடம் கதை எழுதச் சொன்னால் பெரும்பாலும் திருடன் வருவான், பேய் வரும். "யாரும் கெட்டவர் இல்லாத ஒரு கதை எழுதுங்கள், ஆனால் ஒரு சிக்கல் இருக்க வேண்டும்" என்று ஆறாம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். முதலில் திணறுவார்கள். பிறகு மின்தடை, தொலைந்த ஆடு, வராத பேருந்து என்று தங்கள் ஊரையே எழுதத் தொடங்குவார்கள்.

அண்மையில் ஒரு மூன்றாம் வகுப்பைப் பார்வையிட்டேன். சுவரில் உதவுவோர் படங்கள் அடங்கிய அட்டை. பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்த பிறகு ஒரு சிறுமி எழுந்து, "எங்க அம்மா படம் இதுல இல்லையே டீச்சர்?" என்றாள். அவளுடைய அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர். வகுப்பில் பாதிப் பேரின் வீட்டிலும் அதே வேலைதான். அட்டையிலோ அந்த வேலை இல்லை. அந்த ஆசிரியை நல்ல ஒரு காரியம் செய்தார். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "நீயே வரைந்து ஒட்டு, உன் அம்மா பெயரையும் எழுது" என்றார். மறுநாள் அட்டையைச் சுற்றிப் பதினேழு தாள்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் வேலையோடு ஒரு பெயர்.

அட்டைக்கும் கிரீன்டேலுக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பெயரில்தான் இருக்கிறது. 'உதவுவோர்' என்ற சொல்லில் மரியாதை உண்டு. ஆனால் பெயர் இல்லாத மரியாதை விரைவில் மறந்துபோகும். பள்ளிக்குச் சத்துணவு சமைப்பவரைப் பெயர் சொல்லி அறிந்த குழந்தை, தட்டில் சோற்றை வீணாக்கும் முன் ஒரு கணம் யோசிக்கும். தூய்மைப் பணியாளரின் பெயர் தெரிந்த குழந்தை, அவர் எதிரே குப்பையை எறியக் கூசும். நல்லொழுக்கப் பாடம் என்று தனியாக நடத்துவதைவிட இது ஆழமாக இறங்கும்.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு இத்தொடரில் வேறொரு வாய்ப்பும் உண்டு. ஓர் ஊர் எப்படி மாறுகிறது என்பதை இதில் படிக்கலாம். 1996இல் வந்த இரண்டாவது தொடரில் ஊருக்குப் பெண் மருத்துவர் ஒருவர் வந்துவிட்டார். 2000த்துக்குப் பின் வந்த கதைகளில் ஒரு பழைய நீராவி ரயில் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. அதோடு அஜய், நிஷா பெயின்ஸ் என்ற இந்திய வம்சாவளிக் குடும்பம் குடியேறுகிறது. அவர்களின் மகள் மீரா, பேட்டின் மகன் ஜூலியனுக்குத் தோழியாகிறாள். 2008இல் பேட்டின் பணியே மாறி, பக்கத்து நகரத்தில் விரைவு அஞ்சல் சேவை, ஹெலிகாப்டர் என்று கதை வேகமெடுக்கிறது. இதற்கிடையே, கன்லிஃபுக்குத் தூண்டுதலாக இருந்த அந்த உண்மையான கெண்டல் அஞ்சலகம் 2003இல் மூடப்பட்டுவிட்டது. திரையில் ஊர் வளர்கிறது. தரையில் அஞ்சலகம் மூடுகிறது. "நம் ஊரில் எது வந்தது, எது போனது? போனதால் யாருக்கு என்ன ஆயிற்று?" இந்த இரண்டு கேள்விகளை வைத்து எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் ஒரு சிறந்த சமூக அறிவியல் செயல்திட்டம் செய்யலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கிரீன்டேல் இனிமையான ஊர். உண்மையான ஊர்கள் அத்தனை இனிமையானவை அல்ல. யார் வீட்டு வாசல் வரை யார் போகலாம், யார் போகக்கூடாது என்பதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. ஆகவே "கிராமம் என்றாலே ஒற்றுமை" என்று முடித்துவிடக் கூடாது. பேட் ஒவ்வொரு கதவையும் தட்டுகிறார். பண்ணை வீடும் சரி, பெரிய மாளிகையும் சரி, தனியாக வாழும் பாட்டி வீடும் சரி, எல்லாக் கதவும் அவருக்கு ஒன்றுதான். "நம் ஊரில் எல்லாக் கதவையும் ஒரே மாதிரி தட்டுகிறவர் யார்?" என்று வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்கலாம். விடை உடனே வராது. வராமல் போகும் அந்த அமைதியையும் பாடமாகக் கொள்ளலாம்.

நிறைவாக, நாளையே செய்யக்கூடிய ஒன்று. இந்த வாரம் ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருவில் வேலை செய்யும் ஒருவரிடம் மூன்று செய்திகளைக் கேட்டு வரட்டும். உங்கள் பெயர் என்ன? உங்கள் வேலையில் கடினமானது எது? உங்களுக்கு யார் உதவுகிறார்கள்? மூன்றாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வந்த விடைகளை வகுப்பில் கோடு போட்டு இணைத்தால், உங்கள் ஊரின் படம் கரும்பலகையில் தெரியும். அதில் எந்தப் பிள்ளையின் வீடும் விடுபட்டிருக்காது.